மக்காச்சோளப் பயிரும் திட்டமிடுதலும்

உலகில் விளையும் தானியங்கள் பலவற்றுள்ளும் நிறையால் மிகுதியாக விளைவது மக்காச்சோளமேயாகும். கோதுமையும் நெல்லும் அதற்கு அடுத்த நிலையிலேயே நிற்கின்றன. சோளம் என்னும் பெயரைக் கொண்டிருப்பினும், தமிழகத்தில் பன்னெடுங்காலமாக விளைந்துவரும் சோளத்தினின்றும் இது வேறானது. மெக்சிக்கோ நாட்டின் தென்பகுதியில், ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து அந்நாட்டு மக்கள் சிறிது சிறிதாகத் தெரிந்தெடுத்து உருவாக்கிய பயிர் இது. அக்காட்டுப் புல்லின் கதிரில் கடினமான ஓட்டினுள் அடங்கிய சில மணிகளே உண்டு. இன்றைய மக்காச்சோளக் கதிரிலோ நானூறு, ஐந்நூறு மணிகள் வரிசை வரிசையாக அமைந்திருக்கின்றன. 1492ஆம் ஆண்டில் கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்த பின்னர், இப்பயிர் ஐரோப்பியர் வாயிலாகக் கடல் கடந்து பல நாடுகளுக்கும் பரவி, இந்தியாவையும் வந்தடைந்தது.

தமிழ்நாட்டில் பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி முதலிய மாவட்டங்களில் மக்காச்சோளம் பரவலாகப் பயிரிடப்படுகின்றது. இவற்றுள் பல இடங்களில் அது வானத்தை நோக்கி நிற்கும் மானாவாரிப் பயிராகும். விளைந்த தானியத்தில் பெரும்பகுதி மனிதரின் உணவுக்குச் செல்வதில்லை. நாமக்கல் வட்டாரத்துக் கோழிப்பண்ணைகளில் நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் பெறப்படுகின்றன. அக்கோழிகளுக்குரிய தீவனத்தில் முதன்மையான பொருள் மக்காச்சோளமே. மாவுப்பொருள் ஆலைகளும், அண்மைக் காலத்தில் எத்தனால் ஆலைகளும் இதனை வாங்குகின்றன. ஆகவே, இப்பயிரைச் செய்யும் உழவர் தம் வீட்டுக் குதிரை நிரப்புதற்காக அன்றி, சந்தையில் விற்பதற்காகவே விளைவிக்கின்றார். விதை, உரம், கூலி ஆகிய அனைத்திற்கும் முன்கூட்டியே பணம் செலவிட்டு, நான்கு திங்கள் கழித்தே அவர் பணத்தைக் காண்கின்றார். அம்முன்பணம் பெரும்பாலும் கடனாகப் பெற்றதேயாம். விளைச்சல் குன்றினால் உணவு குறைவதோடு நில்லாமல், கடனும் தலைமேல் ஏறுகின்றது. பிள்ளைகளின் படிப்பு, வீட்டு மருத்துவம், அடுத்த பருவத்து விதை ஆகியவையெல்லாம் அந்த ஓர் அறுவடையைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன.

“மழை பெய்தால் விளையும், பெய்யாவிடின் பொய்க்கும். இதில் திட்டமிடுவதற்கு என்ன இருக்கின்றது?” என்று சிலர் வினவுவதுண்டு. அவ்வினா முற்றிலும் பொருளற்றதன்று. மழையை ஆணையிட்டு வருவிக்க எவராலும் இயலாது. ஆயினும், ஒரே ஊரில், ஒரே மழையில், அடுத்தடுத்த இரண்டு நிலங்களில் விளைச்சல் பெரிதும் வேறுபடுவதைக் காண்கின்றோர் பலர். வானம் இருவருக்கும் ஒன்றே. வேறுபாடு, என்ன செய்வது, எப்பொழுது செய்வது, எவ்வளவு செய்வது என்று முன்னரே எண்ணித் துணிந்ததனால் விளைந்ததாகும். உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர் பாய்ச்சல், காத்தல் என்னும் செயல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எதற்கு எவ்வளவு சிறப்பு என்று திருவள்ளுவர் உழவு என்னும் அதிகாரத்தில் எடை போட்டுக் கூறியிருக்கின்றார். அவ்வாறு எடை போடுதலே திட்டமிடுதலின் தொடக்கமாகும்.

திட்டத்தின் முதற்படி நிலத்தை அறிதல். மக்காச்சோளம் வடிகால் வசதியுள்ள வண்டல் மண்ணிலும் செம்மண்ணிலும் கரிசல் மண்ணிலும் வளரும். ஆனால், வேரடியில் நீர் தேங்குவதை அது பொறுப்பதில்லை. இளம்பயிர் இரண்டு மூன்று நாள் நீரில் நின்றாலே வேர்கள் மூச்சு முட்டி நலிவுறும். ஆகையால், தாழ்வான கரிசல் நிலத்தில் பார்கள் அமைத்து, அவற்றின் பக்கத்தில் விதைத்து, மிகுந்த நீர் சால் வழியே வடிந்தோடச் செய்தல் வேண்டும். கோடையில் ஆழ உழுதால் மழைநீர் மண்ணுள் இறங்கும். மண்ணுள் புதைந்திருக்கும் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். இதனோடு மண்ணாய்வும் செய்வித்தல் நலம். நிலத்தின் பல இடங்களிலும் சாண் ஆழத்திற்குக் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, அதில் அரைக் கிலோ அளவைப் பகுத்தெடுத்து மண்ணாய்வு நிலையத்திற்கு அனுப்பினால், மண்ணில் எச்சத்து உளது, எச்சத்து இலது என்பது தெரிய வரும். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்தல் எத்தகையதோ, அத்தகையதே மண்ணை அறியாமல் உரமிடுதலும்.

இரண்டாவது படி காலத்தைக் குறித்தல். தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம் ஆகிய மூன்றிலும் மக்காச்சோளம் விதைக்கப்படுகின்றது. மானாவாரி உழவர்க்கு முதலிரண்டுமே உரியவை. பட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்பொழுது விதைக்கும் நாளை மட்டும் எண்ணுதல் போதாது. பயிர் பூக்கும் நாளையும் கதிர் முற்றும் நாளையும் எண்ணிப் பின்னோக்கிக் கணக்கிடுதல் வேண்டும். ஏறத்தாழ 110 நாள் வயதுடைய பயிர் ஐம்பது முதல் ஐம்பத்தைந்து நாள்களில் பூக்கும். புரட்டாசித் தொடக்கத்தில், அதாவது செப்டம்பர்த் திங்களின் நடுவில் விதைத்தால், ஐப்பசியின் பிற்பகுதியில் பூக்கும். அப்பொழுது வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். மார்கழியின் இறுதியில் மழை ஓய்ந்து வானம் தெளிந்திருக்கையில் கதிர் முற்றும். விதைப்பு ஒரு திங்கள் பிந்துமாயின், பால் பிடித்து மணி திரளும் காலம் மழையற்ற நாள்களில் வந்து விழும். ஒரு திங்கள் தாமதம் ஒரு திங்களோடு முடிவதில்லை என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது படி விதைத் தேர்வு. இன்று பெரும்பாலான நிலங்களில் விதைக்கப்படுவது வீரிய ஒட்டு விதையாகும். இதன் வரலாறு அறியத்தக்கது. மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண்பூக்கள் குஞ்சமாக விரிகின்றன. பெண்பூக்கள் தண்டின் நடுவே உள்ள கதிரில் அமைந்துள்ளன. ஆகையால், காற்று ஒரு செடியின் மகரந்தத்தை மற்றொரு செடிக்குக் கொண்டு சேர்க்கின்றது. அமெரிக்க அறிஞராகிய சார்சு சல் என்பவர், ஒரு செடியின் மகரந்தத்தை அச்செடியின் கதிரிலேயே சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார். செடிகள் குட்டையாகி வலிவிழந்தன. ஆனால், அவ்வாறு வலிவிழந்த இருவேறு வழிகளை ஒன்றோடொன்று இணைத்தபொழுது, பிறந்த செடிகள் வியத்தகு வலிவுடன் ஓங்கி வளர்ந்தன. 1908ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். 1930ஆம் ஆண்டுகளிலிருந்து அமெரிக்க உழவர்கள் ஒட்டு விதையை மேற்கொண்டனர். அதற்கு முன்னர் எழுபது ஆண்டுகளாக எக்டேருக்கு ஒன்றரை டன் அளவிலேயே நின்றிருந்த அந்நாட்டு விளைச்சல், ஒட்டு விதையாலும், உரத்தாலும், நெருக்கி விதைத்தலாலும், இயந்திரங்களாலும் படிப்படியாக உயர்ந்து, இக்காலத்தில் பத்து டன்னைக் கடந்துள்ளது. இந்தியாவில் மக்காச்சோள ஆராய்ச்சிக்கென ஒருங்கிணைந்த திட்டம் 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1961ஆம் ஆண்டில் கங்கா 1, கங்கா 101, இரஞ்சித், தக்காணம் என்னும் ஒட்டு வகைகள் முதன்முதலாக வெளியிடப்பெற்றன. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தமிழகத்திற்கேற்ற ஒட்டு வகைகளை உருவாக்கி வழங்கியுள்ளது.

ஒட்டு விதையைப் பற்றி உழவர் மறவாதிருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அவ்வலிவு முதல் தலைமுறைக்கே முழுமையாக உரியது. விளைந்த கதிரிலிருந்து மணியை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு விதைத்தால், செடிகள் ஒன்றுபோல் வளரா. நெட்டையும் குட்டையுமாக நின்று விளைச்சலைக் குறைக்கும். எனவே, ஒட்டு விதையை மேற்கொள்பவர் ஆண்டுதோறும் விதைக்கெனப் பணம் ஒதுக்குதல் கட்டாயமாகின்றது. இச்செலவு பயன் தருமா என்பது நிலத்தின் ஈரத்தையும் இடப்போகும் உரத்தையும் பொறுத்தது. வறண்ட மேட்டு நிலத்தில், உரமும் இடாமல், உயர்ந்த விலையுள்ள விதையை மட்டும் விதைத்துப் பெருவிளைவை எதிர்பார்த்தல் வீண்.

நான்காவது படி செடிகளின் எண்ணிக்கை. இதனை எளிய கணக்கினால் உணரலாம். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டால், ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 27,000 செடிகள் நிற்கும். இதற்கு 8 கிலோ விதை தேவை. ஒரு செடிக்கு ஒரு கதிர், ஒரு கதிருக்கு 14 வரிசை, வரிசைக்கு 30 மணி என்று கொண்டால், கதிரில் 420 மணிகள் இருக்கும். நான்கு மணிகளின் நிறை ஒரு கிராம் என வைத்துக்கொண்டால், கதிருக்கு 105 கிராம் தானியம் கிடைக்கும். 27,000 செடிகளிலிருந்து 2,835 கிலோ, அதாவது 28 குவிண்டாலுக்கு மேல் கிட்டும். இனி, விதை ஆழம் தவறியதனாலோ, எறும்பும் பறவையும் தின்றதனாலோ, ஐந்தில் ஒரு பங்கு இடங்கள் வெறுமையாயின என்க. இழந்த செடிகள் 5,400. இழந்த தானியம் 567 கிலோ. முளைத்த சில நாள்களில் வயலைச் சுற்றிவந்து, வெறுமையான இடங்களில் மறுவிதை ஊன்றுவதற்கு ஒரு நாட்கூலியே செலவாகும். அந்த ஒரு நாள் தவறினால் பின்னர் எவ்வளவு உரமிட்டாலும் இல்லாத செடியில் கதிர் தோன்றாது. இதற்கு மாறாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று செடிகள் நெருங்கி நின்றாலும் அவை ஒளிக்கும் நீருக்கும் போராடி மெலியும். மிகுந்தவற்றைக் களைந்துவிடுதல் வேண்டும்.

ஐந்தாவது படி உரமிடுதல். மக்காச்சோளம் பெருந்தீனிப் பயிர். மண்ணாய்வு செய்ய இயலாத இடத்து, இறவையில் வளரும் ஒட்டு மக்காச்சோளத்திற்கு எக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்தும், 75 கிலோ மணிச்சத்தும், 75 கிலோ சாம்பல்சத்தும் இடுமாறு தமிழ்நாட்டில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. ஏக்கர்க் கணக்கில் இது முறையே 100, 30, 30 கிலோவாகும். மானாவாரிக்கு இதனினும் குறைந்த அளவே போதும். அளவைப் போலவே காலமும் முதன்மையானது. தழைச்சத்தில் கால் பங்கை அடியுரமாகவும், அரைப் பங்கை 25ஆம் நாளிலும், எஞ்சிய கால் பங்கை 45ஆம் நாளிலும் இடுதல் முறை. இதற்குக் காரணம் உண்டு. விதைத்தவுடன் முழுவதையும் இட்டுவிட்டால், விரல் அளவே உள்ள செடியால் அதனை உண்ண முடியாது. மழைநீர் அதனைக் கரைத்து வேருக்குக் கீழே கொண்டுபோய்விடும். முழங்கால் உயரம் வளர்ந்த பின்னரே செடி விரைந்து உண்ணத் தொடங்குகின்றது.

பசித்த பயிர் தன் குறையை இலையின் வாயிலாகத் தெரிவிக்கும். அடியிலைகளின் நுனியிலிருந்து நடுநரம்பின் வழியே மஞ்சள் படர்ந்தால் தழைச்சத்துக் குறைவு என்று அறியலாம். இளஞ்செடியின் இலைகள் செந்நீலம் பூத்தால் மணிச்சத்துக் குறைவு. அடியிலைகளின் ஓரம் தீய்ந்தாற்போல் காய்ந்தால் சாம்பல்சத்துக் குறைவு. குருத்திலைகளில் வெண்மையான பட்டைகள் தோன்றினால் துத்தநாகக் குறைவு. துத்தநாகம் குறைந்த நிலங்களில் எக்டேருக்கு 37.5 கிலோ துத்தநாக சல்பேட்டு இடுமாறு பரிந்துரைக்கப்படுகின்றது. இவற்றோடு மட்கிய தொழுவுரமும் சேர்ந்தால் மண் ஈரத்தைத் தாங்கி நிற்கும். மக்காச்சோளத்தின் வரிசைகளுக்கிடையே உளுந்து, தட்டைப்பயறு ஆகியவற்றை ஊடுபயிராக இட்டாலும், அடுத்த பருவத்தில் அவற்றை மாற்றுப்பயிராகச் செய்தாலும், அவற்றின் வேர்முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை ஈர்த்துத் தரும். முதற்பயிர் பொய்த்தாலும் ஊடுபயிர் கைகொடுக்கும்.

ஆறாவது படி நீரைப் பங்கிடுதல். கிணற்றில் நீர் குறைவாக உள்ளவர், எல்லா நாளும் சமமாகப் பாய்ச்சுவதை விட, இன்றியமையாத நாள்களுக்கென்று நீரைச் சேமித்தல் அறிவுடைமையாகும். அந்நாள்கள் பூக்கும் பருவத்தின் முன்னும் பின்னும் ஏறத்தாழ இரண்டிரண்டு வாரங்களாம். கதிரின் நுனியில் தொங்கும் பட்டிழைகள் அழகுக்காக அமைந்தவை அல்ல. ஒவ்வோர் இழையும் கதிரினுள் உள்ள ஒவ்வொரு மணியின் சூலோடு இணைந்திருக்கின்றது. இழையின் மீது மகரந்தத் துகள் விழுந்து, சூலை அடைந்தாலன்றி, அவ்விடத்தில் மணி பிடிக்காது. நீர் வறண்டால் ஆண் குஞ்சம் குறித்த நாளில் மகரந்தத்தைச் சிந்திவிடும். பட்டிழையோ வெளிவரத் தாமதிக்கும். இழை வெளிப்படுகையில் மகரந்தம் தீர்ந்திருக்கும். அதன் பயனாகவே பல கதிர்களில் மணிகள் இடையிடையே இல்லாமல் பொக்கையாகக் காணப்படுகின்றன. இந்நாள்களில் பாய்ச்சாத நீரை, பின்னர் இருமடங்காகப் பாய்ச்சினும் இழந்த மணிகள் மீளா.

ஏழாவது படி காத்தல். விதைத்த முதல் 40 நாள்களில் களை மிகுந்தால், உழவர் இட்ட உரத்தைக் களையே உண்டுவிடும். அதற்குப் பின்னர் பயிர் தானே நிழல் பரப்பிக் களையை அடக்கிக்கொள்ளும். ஆகவே, களையெடுக்கும் ஆட்களை மேலுரம் இடும் நாளுக்கு முன்னரே அமையுமாறு பேசிவைத்தல் வேண்டும்.

களையினும் கொடிய பகை ஒன்று அண்மையில் தோன்றியுள்ளது. அதுவே படைப்புழு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இப்புழு, 2016ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018ஆம் ஆண்டு மே திங்களில் கருநாடகத்தில் தென்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் புகுந்தது. முன்னறிந்திராத பகையாதலின், அப்பருவத்தில் உழவர் பலர் பேரிழப்பிற்கு ஆளாயினர். இதன் தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்துப் போன்ற குறியும், வாற்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் காணப்படும். குருத்தினுள் புகுந்து ஒளிந்துகொண்ட பின்னர் மருந்து அதனை எளிதில் எட்டுவதில்லை. எனவே, புழு பருத்த பின் போராடுவதினும், அது தோன்றுமுன் ஆயத்தம் செய்தலே செலவு குறைந்த வழியாம். கோடை உழவும், அடியுரத்தோடு இடும் வேப்பம் பிண்ணாக்கும், விதை நேர்த்தியும், வரப்போரத்தில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி ஆகியவற்றை விதைத்தலும், தாய் அந்துப்பூச்சியின் வரவை அறிய இனக்கவர்ச்சிப் பொறி வைத்தலும் அவ்வாயத்தங்களுள் அடங்கும். ஓர் ஊரினர் ஏறத்தாழ ஒரே காலத்தில் விதைத்தால், புழு ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்கு இடைவிடாது பெருக இடமிராது. முளைத்த முதல் வாரத்திலிருந்தே வாரம் இருமுறை வயலைச் சுற்றி, இலையின்மேல் உள்ள முட்டைக் குவியல்களைக் கண்டு நசுக்கிவிடுதல் சிறுவரும் செய்யக்கூடிய பெரும்பணியாகும்.

எட்டாவது படி அறுவடையும் உலர்த்தலும். கதிரின் மேலுறை பழுத்துக் காய்ந்து, மணியின் அடியில் கருமையான ஒரு படலம் தோன்றினால், மணி இனிப் பருக்காது என்பது அடையாளம். அப்பொழுதும் மணியில் நீர் மிகுதியாகவே இருக்கும். அந்நீரை நீக்காமல் குவித்து வைத்தால் பூஞ்சணம் பூக்கும். அப்பூஞ்சணங்களுள் சில அஃப்ளாடாக்சின் என்னும் நச்சினை உண்டாக்குகின்றன. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவற்றிற்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் இந்நச்சு கலந்திருந்ததே அதற்குக் காரணம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. அன்று முதல் தீவன ஆலைகள் பூஞ்சணம் பூத்த தானியத்தை அஞ்சுகின்றன. விலை குறைக்கப்படுவதற்கும் மூட்டைகள் திருப்பி அனுப்பப்படுவதற்கும் இதுவே முதற்காரணம். ஈரப்பதம் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வரை குறையுமாறு தூய களத்தில் உலர்த்துதல் வேண்டும். நூற்றுக்கு இருபது ஈரப்பதமுள்ள 1,000 கிலோ தானியத்தைப் பதினான்கிற்கு உலர்த்தினால் நிறை ஏறத்தாழ 930 கிலோவாகும். எழுபது கிலோ குறைந்ததே என்று வருந்துதல் வேண்டா. குறைந்தது நீரேயன்றித் தானியம் அன்று. உலர்த்தியதற்குக் கிடைக்கும் உயர்ந்த விலை அக்குறையை ஈடுசெய்கின்றதா என்பதைக் கணக்கிட்டுப் பார்த்து, அதன் பின்னரே விற்பனையை முடிவு செய்தல் நலம்.

இவ்வளவும் செய்தால் விளைச்சல் பெருகும். ஆனால், விளைச்சல் வேறு, ஊதியம் வேறு. இதனை விளக்குதற்பொருட்டு மூன்று உழவரின் ஓர் ஏக்கர்க் கணக்கைக் கற்பனையாகக் கொள்ளலாம். தானியத்தின் விலை குவிண்டாலுக்கு 2,200 ரூபாய் என்க. முதலாமவர் 30,000 ரூபாய் செலவிட்டு 20 குவிண்டால் பெறுகின்றார். வரவு 44,000, ஊதியம் 14,000. இரண்டாமவர், மண்ணாய்வு, மறுவிதை, காலத்தில் களையெடுப்பு ஆகியவற்றிற்கென மேலும் 4,000 ரூபாய் சேர்த்து 34,000 செலவிட்டு 26 குவிண்டால் பெறுகின்றார். வரவு 57,200, ஊதியம் 23,200. மூன்றாமவர், இரண்டாமவரைப் போலவே செய்து, மேலும் 5,000 ரூபாய்க்கு உரமும் மருந்தும் கொட்டி 39,000 செலவிட்டு 27 குவிண்டால் பெறுகின்றார். வரவு 59,400, ஊதியமோ 20,400. ஊரில் மிகுதியாக விளைவித்தவர் மூன்றாமவர். மிகுதியாக ஊதியம் பெற்றவர் இரண்டாமவர். ஓர் அளவு வரையில் செலவு விளைச்சலை உயர்த்துகின்றது. அவ்வளவைக் கடந்தால், கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் தன்னைத் தானே மீட்கவும் வலியற்றதாகின்றது.

இக்கணக்கு மற்றொன்றையும் உணர்த்துகின்றது. அறுவடைக் காலத்தில் விலை 1,800 ரூபாயாகச் சரிந்துவிட்டது என்று கொண்டால், முதலாமவரின் ஊதியம் 6,000 ரூபாயாகவும், மூன்றாமவரின் ஊதியம் 9,600 ரூபாயாகவும் சுருங்குகின்றன. இரண்டாமவர்க்கு அப்பொழுதும் 12,800 ரூபாய் எஞ்சுகின்றது. ஒரு குவிண்டாலை விளைவிக்க முதலாமவர்க்கு 1,500 ரூபாய் ஆயிற்று. இரண்டாமவர்க்கு ஏறத்தாழ 1,308 ரூபாயே ஆயிற்று. ஒரு குவிண்டாலுக்கு ஆகும் அடக்கவிலையைத் தாழ்த்தி வைத்திருப்பவரே சந்தையின் ஏற்றத்தாழ்வைத் தாங்கி நிற்க வல்லவர். எனவே, விதைக்கும் முன்னரே, “இப்பயிருக்கு எவ்வளவு செலவாகும்? அதனை மீட்க எத்தனை குவிண்டால் வேண்டும்? என் நிலத்தில் அவ்வளவு விளையுமா?” என்னும் மூன்று வினாக்களுக்கும் உழவர் விடை கண்டிருத்தல் வேண்டும். மூன்றாவது வினாவிற்கு இல்லை என்பது விடையாயின், அவ்வாண்டு வேறு பயிரை நாடுதலும் திட்டமேயாகும்.

விற்பனையும் விதைப்பிற்கு முன்னரே எண்ணத்தக்கது. நடுவணரசு ஒவ்வொரு பருவத்திற்கும் குறைந்த அளவு ஆதரவு விலையை அறிவிக்கின்றது. 2024-25ஆம் ஆண்டுப் பருவத்தில் மக்காச்சோளத்திற்கு அது குவிண்டாலுக்கு 2,225 ரூபாயாக இருந்தது. ஆயினும், அறிவித்த விலை எல்லாச் சந்தைகளிலும் தானே கிடைத்துவிடும் என்று எண்ணியிருத்தல் கூடாது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் ஏல முறையில் விற்கலாம். உழவர் பலர் ஒன்றுகூடித் தம் விளைவைச் சேர்த்து, ஆலைகளுக்கு நேரே அனுப்பினால் இடையில் கழியும் பணம் குறையும். மழை முற்றிலும் பொய்த்தாலும், வெள்ளம் அழித்தாலும், எத்திட்டமும் அப்பயிரைக் காக்காது. அந்நாளுக்கெனவே பயிர்க் காப்பீடு அமைந்துள்ளது. காப்பீட்டுக் கட்டணத்தைக் குறித்த நாளுக்குள் செலுத்துதலும் திட்டத்தின் ஓர் உறுப்பே. நிலம் முழுவதிலும் ஒரே பயிரைச் செய்யாது, ஒரு பகுதியில் பயறோ எள்ளோ விதைத்து வைத்தலும் அத்தகைய காப்பேயாகும்.

இத்திட்டத்திற்கு வேண்டும் கருவி விலையுயர்ந்த இயந்திரம் அன்று. ஒரு குறிப்பேடே போதும். விதைத்த நாள், மழை பெய்த நாள், முளைத்த செடிகளின் எண்ணிக்கை, உரமிட்ட நாளும் அளவும், புழு தோன்றிய நாள், பூத்த நாள், அறுத்த நாள், கூலி, விலை ஆகிய இவற்றை அன்றன்றே எழுதிவைத்தால், அடுத்த ஆண்டில் அதுவே வழிகாட்டும் நூலாகும். எழுதாத அனுபவம் நினைவினின்றும் நழுவிவிடும். எழுதியதோ ஆண்டுக்காண்டு வளர்ந்து பிள்ளைகளுக்கும் உடைமையாகும். உழவர் குடியிற் பிறந்து பள்ளியிற் பயிலும் மாணவர், கூட்டலும் கழித்தலும் விழுக்காடும் அறிந்தவராதலின், தம் இல்லத்தாருக்கு இக்குறிப்பேட்டை எழுதிக் கொடுக்க வல்லவர். மண்ணும் மழையும் மனிதன் படைத்தவை அல்ல. ஆயினும், அவற்றை வீணாக்காமல் பயன்கொள்ளும் முறை அவன் அறிவின்பாற்பட்டது. அவ்வறிவு ஏர்பூட்டும் நாளுக்கு முன்னரே தொழிற்படத் தொடங்குமாயின், கலப்பை உழுத ஒவ்வொரு சாலும் பயனுடையதாகும்.